இடுப்பு முறிந்த முதியவருக்கு மூட்டு மாற்று: பலனைத் தீர்மானிப்பது எது?

எழுபது எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுகிறார், அல்லது இரவில் கட்டிலிலிருந்து இறங்கும்போது தடுமாறிச் சாய்கிறார். எழுந்திருக்க முடியவில்லை. ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்புறமாகத் திரும்பிக் கிடக்கிறது. எக்ஸ்ரே எடுத்தால் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருக்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் குடும்பத்தின் முன் வந்து நிற்கும் கேள்விகள் பெரும்பாலும் மூட்டைப் பற்றியவை. பாதி மூட்டா, முழு மூட்டா? மூட்டை எலும்போடு பிடிக்க வைக்கும் சிமென்ட் வைப்பதா, வேண்டாமா? இந்தியத் தயாரிப்பா, வெளிநாட்டு மூட்டா? விலையில் பெரிய வித்தியாசம் இருப்பதால் கவலையும் பேச்சும் அதைச் சுற்றியே ஓடுகின்றன.

ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் இந்தச் சிகிச்சை பற்றி வந்த பெரிய ஆய்வுகளை வரிசையாகப் படித்தால் வேறொன்று தெளிவாகிறது. அவர் பிழைப்பாரா, மறுபடி நடப்பாரா, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வாரா என்பதில் மூட்டின் வகைக்கு இருக்கும் பங்கு சிறியது. எவ்வளவு சீக்கிரம் அறுவை நடந்தது, அதற்கு முன்னும் பின்னும் உடம்பு முழுவதையும் யார் கவனித்தார்கள், மறுநாள் அவரை எழுப்பி நிற்க வைத்தார்களா, எலும்பை உறுதிப்படுத்த மருந்து தொடங்கினார்களா என்பவற்றின் பங்கு அதைவிடப் பெரியது. குடும்பம் தன் கவலையையும் பணத்தையும் எங்கே செலவிட வேண்டும் என்று முடிவெடுக்க இந்த வேறுபாடு தெரிந்திருப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

ஒரே மூட்டு, இரண்டு விதமான நோயாளிகள்

இடுப்பு மூட்டு மாற்று என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, தேய்மானத்துக்காகத் தேதி குறித்துச் செய்துகொண்ட உறவினரோ பக்கத்து வீட்டுக்காரரோதான். "அவர் மூன்றாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டாரே" என்று ஒப்பிடுவார்கள். அந்த ஒப்பீடு பொருந்தாது.

பிரான்ஸ் நாட்டு மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து ஏறத்தாழ 6,90,000 பேரின் விவரங்களை எடுத்துச் செய்த ஓர் ஆய்வு 2015-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியானது. திட்டமிட்டு மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 0.18 சதவீதம். இடுப்பு முறிந்து அறுவை செய்துகொண்டவர்களில் அது 3.42 சதவீதம். முறிந்தவர்கள் வயதானவர்கள், வேறு நோய்களும் உள்ளவர்கள், அதனால்தான் இப்படி என்று தோன்றும். ஆய்வாளர்களுக்கும் அது தோன்றியது. வயது, பாலினம், ஏற்கெனவே இருந்த நோய்கள் எல்லாம் ஒத்திருக்கிறவர்களை மட்டும் இணை சேர்த்துப் பார்த்தார்கள். அப்போதும் 0.31 சதவீதத்துக்கு எதிரே 1.82 சதவீதம், ஏறக்குறைய ஆறு மடங்கு.

ஆக, வயதும் நோயும் மட்டும் காரணமல்ல. முறிவே உடம்பின்மேல் விழுந்த பெரிய அடி. எலும்பிலிருந்து ரத்தம் கசிகிறது. வலியால் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன. உடல் முழுவதும் அழற்சி பரவுகிறது, ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. அசையாமல் கிடப்பதால் நுரையீரலில் சளி தேங்கி நிமோனியா வருகிறது, காலில் ரத்தக்கட்டி உருவாகிறது, முதுகின் கீழ்ப்பகுதியில் படுக்கைப்புண் தொடங்குகிறது. சாப்பாடும் தண்ணீரும் குறைகின்றன. இவை எல்லாமே முறிந்த நிமிடத்திலிருந்து ஆரம்பித்துவிடுகின்றன.

உலகெங்கும் வந்த புள்ளிவிவரங்களின்படி, இடுப்பு முறிந்த முதியவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார்கள். ஆண்களிடம் இது பெண்களைவிட அதிகம். பிழைத்தவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் விழுவதற்கு முன் நடந்ததுபோல நடக்கிறார்கள். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் இதை முதல் நாளே குடும்பத்திடம் சொல்ல வேண்டும். "ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது" என்ற சொல்லை மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வரும் குடும்பம், அடுத்த மாதம் நிமோனியா வரும்போது யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று நினைத்துக் கலங்கிப்போகிறது.

கழுத்தில் முறிந்தால் ஏன் மூட்டையே மாற்ற வேண்டும்

இடுப்பு மூட்டு ஒரு பந்தும் கிண்ணமும் சேர்ந்தது. தொடை எலும்பின் மேல்நுனிதான் பந்து. பந்தைத் தண்டோடு சேர்ப்பது எலும்பின் கழுத்து. பந்துக்குப் போகும் ரத்தக் குழாய்களில் முக்கியமானவை இந்தக் கழுத்தை ஒட்டியபடியே மேலேறுகின்றன. கழுத்து முறிந்து துண்டுகள் விலகினால் இந்தக் குழாய்களும் கிழிந்துபோகும். மரத்திலிருந்து முறிந்த கிளையைத் திரும்ப வைத்துக் கட்டினாலும் நுனி வாடிவிடுவதுபோல, ஸ்க்ரூ போட்டு இணைத்தாலும் பந்து செத்துப்போகலாம், முறிவு சேராமலும் போகலாம். இளைஞருக்கு அந்த அபாயத்தை ஏற்றுக்கொண்டு சொந்த எலும்பைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். முதியவருக்கு இரண்டாவது அறுவையைத் தாங்கும் சக்தி இருக்காது. அதனால் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்தை வைப்பதே நல்லது.

முறிவு விலகாமல் இருந்தால் ஸ்க்ரூவே போதும் என்று முடிவெடுப்பதும் உண்டு. கழுத்துக்குக் கீழே, தசைகள் ஒட்டியிருக்கும் மேடான பகுதியில் முறிந்தால் கதை வேறு. அங்கே ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், எலும்பு சேரும். அதற்கு பிளேட்டோ, எலும்புக்குள் செலுத்தும் ராடோ போடுவார்கள். மூட்டு மாற்று பொதுவாகத் தேவைப்படாது. "எங்கள் அம்மாவுக்கு மட்டும் ஏன் ராடு போட்டார்கள், மூட்டு மாற்றவில்லையே" என்று கேட்பவர்களுக்கான பதில் முறிந்த இடத்தில் இருக்கிறது.

பாதியா, முழுதா

பாதி மூட்டு என்றால் பந்தை மட்டும் மாற்றுவது, கிண்ணம் நோயாளியுடையதே. முழு மூட்டு என்றால் இரண்டையும் மாற்றுவது. பைபோலார் என்று சொல்வதும் பாதி மூட்டில் ஒரு வகைதான். பந்துக்குள் இன்னொரு பந்து அசையும்.

இந்தக் கேள்விக்கு மிகப் பெரிய அளவில் பதில் தேடியது 'ஹெல்த்' என்ற ஆய்வு. 10 நாடுகள், 80 மருத்துவமனைகள், 50 வயதைத் தாண்டிய 1,495 நோயாளிகள். எல்லாரும் தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகியவர்கள், விழுவதற்கு முன் யார் உதவியும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தவர்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு முழு மூட்டு, மீதிப் பேருக்குப் பாதி மூட்டு. முடிவு 2019-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது.

இரண்டாண்டுக்குள் மறுபடி அறுவை தேவைப்பட்டவர்கள் முழு மூட்டுக்காரர்களில் 7.9 சதவீதம், பாதி மூட்டுக்காரர்களில் 8.3 சதவீதம். வித்தியாசமே இல்லை என்று சொல்லிவிடலாம். இறப்பிலும் பெரிய வேறுபாடு இல்லை: 14.3-ம் 13.1-ம் சதவீதம். வலி, விறைப்பு, அன்றாட வேலைகள் ஆகியவற்றை அளக்கும் கேள்வித்தாளில் முழு மூட்டுக்காரர்கள் சற்று முன்னால் இருந்தார்கள். ஆனால் அந்த முன்னிலை நோயாளிக்கு வாழ்க்கையில் உணரத்தக்க அளவு இல்லை. மறுபக்கம், மூட்டு நழுவுவது முழு மூட்டில் 4.7 சதவீதம், பாதி மூட்டில் 2.4 சதவீதம்.

மூட்டு நழுவும் கணக்கை நம் வீடுகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுவது, குத்தவைத்து உட்காருவது, தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து குளிப்பது, இந்திய முறைக் கழிப்பறை எல்லாமே இடுப்பை அதிகம் மடக்கும் அசைவுகள். புது மூட்டு நழுவுவதற்கு அவையே வழி. முதல் மூன்று மாதம் கட்டாயமாகவும், பல மருத்துவர்கள் நிரந்தரமாகவும், இவற்றைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். சொல்வதை மறந்துவிடும் நிலையில் உள்ள பெரியவருக்கு, மூட்டு நழுவும் வாய்ப்பு குறைவாக உள்ள பாதி மூட்டுதான் பாதுகாப்பானது.

அப்படியானால் முழு மூட்டு யாருக்கு? சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு தரும் அளவுகோல் எளிமையாக இருக்கிறது. வெளியே தானாகவோ, அதிகபட்சம் ஒரு கைத்தடியோடோ நடந்துகொண்டிருந்தவர். பெரிய அறுவையைத் தடுக்கும் நோய் இல்லாதவர். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் தன் வேலையைத் தானே செய்வார் என்று எதிர்பார்க்கக்கூடியவர். காலையில் தோட்டத்துக்குப் போய் வரும் 68 வயதுக்காரர் இதற்குள் வருவார். வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடக்கும் 86 வயதுப் பாட்டிக்கு முழு மூட்டின் கூடுதல் செலவால் கிடைப்பது எதுவும் இல்லை.

சிமென்ட் விஷயத்தில் பதில் இன்னும் தெளிவு. பிரிட்டனில் 60 வயதைத் தாண்டிய 1,225 பேரிடம் நடந்த 'ஒயிட் ஃபைவ்' ஆய்வு, சிமென்ட் வைத்த பாதி மூட்டையும் சிமென்ட் இல்லாததையும் ஒப்பிட்டு 2022-ல் வெளியானது. நான்காவது மாதத்தில் சிமென்ட் வைத்தவர்களின் வாழ்க்கைத் தரம் கொஞ்சம் மேலாக இருந்தது. மூட்டைச் சுற்றியுள்ள எலும்பு மறுபடி முறிவது 0.5 சதவீதம், சிமென்ட் இல்லாதவர்களிடம் 2.1 சதவீதம். புரை விழுந்து வலுவிழந்த எலும்புக்குள் மூட்டின் உலோகத் தண்டைச் சிமென்ட் இல்லாமல் அடித்து இறக்கினால் எலும்பு விரிசல் விடுகிறது. சிமென்ட் வைக்கும் நேரத்தில் சிலருக்கு ரத்த அழுத்தம் திடீரென்று விழலாம் என்பது உண்மையான அபாயம். மயக்க மருத்துவர் அதற்குத் தயாராக இருப்பார். அந்தப் பயத்தால் சிமென்டையே தவிர்ப்பது நியாயமில்லை. ஓராண்டு இறப்பு சிமென்ட் வைத்தவர்களில் 23.9 சதவீதம், வைக்காதவர்களில் 27.8 சதவீதம்.

ஆஸ்டின் மூர் என்ற மூட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க அறுவை மருத்துவர் ஆஸ்டின் மூர் பெயரால் வழங்கும் அந்த ஒற்றை வார்ப்பு உலோக மூட்டு கடந்த நூற்றாண்டின் நடுவில் வந்தது, சிமென்ட் இல்லாமல் வைப்பது. விலை மிகக் குறைவு என்பதால் இந்தியாவில் இன்னமும் புழங்குகிறது. ஆனால் காலப்போக்கில் தளர்ந்து தொடையில் வலி தரும் வாய்ப்பு அதிகம் என்பதால், நிரூபணமான புதிய வகைத் தண்டுகளையே பயன்படுத்தச் சொல்கிறது நைஸ். மூட்டுத் தேர்வில் குடும்பம் கேட்க வேண்டிய ஒரே பெரிய கேள்வி இதுதான்: பழைய ஆஸ்டின் மூரா, சிமென்டுடன் கூடிய நல்ல தண்டா? அதைத் தாண்டி பிராண்டு, நாடு என்று கூட்டிக்கொண்டே போவதில் கிடைக்கும் பலன் சொற்பம்.

கடிகாரம்

இங்கிலாந்தில் 2007-ல் இடுப்பு முறிவுகளுக்கென்றே தேசியப் பதிவேடு தொடங்கினார்கள். ஒவ்வொரு நோயாளியும் எப்போது வந்தார், எப்போது அறுவை நடந்தது, முதியோர் மருத்துவர் பார்த்தாரா, என்ன ஆனார் என்று எழுதி, மருத்துவமனைவாரியாக வெளியிட்டார்கள். 2010-லிருந்து, 36 மணி நேரத்துக்குள் அறுவை, முதியோர் மருத்துவரின் கவனிப்பு முதலிய நிபந்தனைகளை நிறைவேற்றினால் மருத்துவமனைக்குக் கூடுதல் தொகை கொடுத்தார்கள். 2007-க்கும் 2011-க்கும் இடையில், வந்த அன்றோ மறுநாளோ அறுவை செய்யப்பட்டவர்களின் விகிதம் 54.5-லிருந்து 71.3 சதவீதமாக உயர்ந்தது. 30 நாள் இறப்பு 10.9-லிருந்து 8.5 சதவீதமாகக் குறைந்தது. அந்த நான்கு ஆண்டுகளில் எந்தப் புதிய மூட்டும் அதைச் செய்யவில்லை. ஒழுங்கு செய்தது.

சரி, சீக்கிரம் என்பதை இன்னும் சீக்கிரமாக்கினால் என்ன ஆகும்? இந்தியா உட்பட 17 நாடுகளில் 69 மருத்துவமனைகளில் 2,970 பேரிடம் நடந்த 'ஹிப் அட்டாக்' ஆய்வு அதைத்தான் சோதித்தது. ஒரு குழுவுக்கு, முறிவு உறுதியானதிலிருந்து சராசரியாக 6 மணி நேரத்தில் அறுவை; இன்னொரு குழுவுக்கு 24 மணி நேரத்தில். 2020-ல் 'லான்செட்' இதழில் வந்த முடிவில், மூன்று மாத இறப்பு 9-ம் 10-ம் சதவீதம். பெரிய சிக்கல்கள் இரண்டிலும் 22 சதவீதம். உயிர் விஷயத்தில் 6 மணி நேரம் 24 மணி நேரத்தை வெல்லவில்லை. ஆனால் முந்தியவர்களுக்கு மனக்குழப்பமும் சிறுநீர்த் தொற்றும் குறைவாக வந்தன. சீக்கிரம் நின்றார்கள், சீக்கிரம் வீடு திரும்பினார்கள்.

எனக்கு இந்த ஆய்வில் மிக முக்கியமாகப் படுவது பின்னால் வந்த ஒரு துணை அலசல். வரும்போதே இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் அளவு ரத்தத்தில் கூடியிருந்தவர்கள் 322 பேர். "இதயம் சரியில்லை, கொஞ்சம் பொறுத்துச் செய்வோம்" என்று நாம் தள்ளிப்போடுவது இவர்களைத்தான். அவர்களில் விரைந்து அறுவை செய்தவர்களின் இறப்பு 10 சதவீதம், வழக்கப்படி காத்திருந்தவர்களின் இறப்பு 23 சதவீதம். துணை அலசலை வைத்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது. ஆனாலும், காத்திருந்தால் இதயம் தேறும் என்ற நம்பிக்கையை இது பலமாகவே அசைக்கிறது. இதயத்தை வாட்டுவது முறிவுதான் என்றால், முறிவைச் சரிசெய்யாமல் இதயம் எப்படித் தேறும்?

நம் ஊரில் நேரம் எங்கே போகிறது என்று பார்த்தால், பாதி மருத்துவமனைக்கு வெளியே. விழுந்த அன்று தைலம் தேய்த்துப் பார்ப்பது, கட்டு வைத்தியரிடம் போவது, எலும்பு மருத்துவர் இல்லாத சிறிய மருத்துவமனையில் இரண்டு நாள் படுக்க வைப்பது, பணம் புரட்டுவது. கை எலும்பு கட்டுப் போட்டால் சேரும். தொடை எலும்பின் கழுத்து அப்படிச் சேராது, அங்கே கட்டுப் போடவே இடம் இல்லை. விழுந்தபின் காலை ஊன்ற முடியவில்லை என்றால், வீக்கம் இல்லாவிட்டாலும் அன்றே எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

மீதி நேரம் மருத்துவமனைக்குள், அறுவையைத் தாங்குவாரா என்று பார்க்கும் 'ஃபிட்னெஸ்' என்ற சொல்லுக்குள் போகிறது. எக்கோ எடுக்க ஒரு நாள், இதய மருத்துவர் வர ஒரு நாள், சர்க்கரை இறங்க இரண்டு நாள், காப்பீட்டு ஒப்புதலுக்கு ஒரு நாள், நடுவில் ஞாயிறு. சில காரணங்கள் நியாயமானவை: கட்டுக்கடங்காத இதயத் துடிப்பு, மிகக் குறைந்த ரத்த அளவு, சோடியம் கடுமையாக இறங்கியிருப்பது, நுரையீரல் நீர்க்கோப்பு. இவற்றைச் சரிசெய்துதான் ஆக வேண்டும், அதையும் வேகமாகச் செய்யலாம். பழைய இதயநோய்க்கு எக்கோ எடுப்பதற்காக மட்டும் அறுவையைத் தள்ளக் கூடாது என்பதுதான் வழிகாட்டுதல்களின் போக்கு.

அடிக்கடி கேட்கும் இன்னொரு காரணம் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் க்ளோபிடோக்ரெல் மாத்திரை. ஐந்து முதல் ஏழு நாள் நிறுத்திவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பார்கள். அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர்களின் வழிகாட்டுதல் இதற்காகத் தாமதிக்க வேண்டாம் என்கிறது. அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்வது ஆபத்து என்பது உண்மை, ஆனால் முழு மயக்கம் கொடுத்துச் செய்யலாமே. முழு மயக்கம் வயதானவர்களுக்கு ஆகாது என்ற பழைய பயத்துக்கும் பதில் வந்துவிட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,600 பேரிடம் நடந்த 'ரீகெய்ன்' ஆய்வில், 60 நாளில் இறந்தவர்கள் அல்லது துணையின்றி நடக்க முடியாமல் போனவர்கள் முதுகு ஊசிக் குழுவில் 18.5 சதவீதம், முழு மயக்கக் குழுவில் 18.0 சதவீதம். மனக்குழப்பமும் இரண்டிலும் ஐந்தில் ஒருவருக்கு. ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மாத்திரையான வார்ஃபரினின் விளைவைப் போக்க மருந்து உண்டு. அதே வேலையைச் செய்யும் புதிய வகை மாத்திரைகளுக்கு ஓரிரு நாள் இடைவெளி போதும்.

ரத்தத்துக்கும் இதே நிலைதான். குடும்பம் ரத்ததானம் செய்பவர்களைத் தேடி அலைவதைப் பார்த்திருப்பீர்கள். 2011-ல் வெளியான 'ஃபோக்கஸ்' ஆய்வு 2,016 பேரிடம், ஹீமோகுளோபினை 10-க்கு மேல் வைத்திருப்பதையும், 8-க்குக் கீழே போனாலோ அறிகுறி தெரிந்தாலோ மட்டும் ரத்தம் ஏற்றுவதையும் ஒப்பிட்டது. பலனில் வேறுபாடு இல்லை.

மறுநாள் காலை

அறுவைக்குப் பிறகு இரண்டாம் நாள் இரவு, அதுவரை தெளிவாகப் பேசிய பெரியவர் ஊசியைப் பிடுங்குகிறார், எப்போதோ இறந்துபோனவரைக் கூப்பிடுகிறார், மகளையே யாரென்று கேட்கிறார். குடும்பம் நடுங்கிப்போகிறது. இது புத்தி பேதலித்தது அல்ல, பெரும்பாலும் தற்காலிகமான மூளைக் குழப்பம். ஆனால் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது; இது வந்தவர்கள் மெதுவாகத்தான் தேறுகிறார்கள். அதன் பின்னால் வலி, தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், சிறுநீர்க் குழாய், ஆக்சிஜன் குறைவு, புதிய மாத்திரை என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். தேடிச் சரிசெய்ய வேண்டும். தூக்க ஊசி போட்டு அடக்குவது பல நேரம் நிலைமையை மோசமாக்கும்.

இதைக் குறைப்பதில் குடும்பத்தின் பங்கு பெரியது. அவருடைய கண்ணாடியையும் காது கருவியையும் முதல் நாளே கொண்டுவந்து கொடுங்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். பகலில் ஜன்னல் வெளிச்சம், இரவில் இருட்டு. என்ன கிழமை, எங்கே இருக்கிறார் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொண்டிருங்கள். விழுந்து வந்த உடனேயே, தொடைப் பகுதி நரம்புகளை மரக்கச் செய்யும் ஊசியை அவசரப் பிரிவில் போட முடியுமா என்று கேட்கலாம். வலியும் குறையும், குழப்பம் வரும் வாய்ப்பும் குறையும்.

இப்படி உடம்பு முழுவதையும் பார்ப்பதற்கென்றே ஒருவர் இருந்தால் என்ன மாறும் என்பதற்கு நார்வேயின் டிரோன்ஹைம் நகரில் ஒரு ஆய்வு நடந்தது. 70 வயதைத் தாண்டிய 397 பேர். ஒரு பாதியினர் வழக்கமான எலும்பு முறிவு வார்டில், மறு பாதியினர் முதியோர் மருத்துவ வார்டில். அறுவை இருவருக்கும் ஒரே மாதிரி. படுத்திருந்த வார்டு மட்டும் வேறு. நான்கு மாதத்துக்குப் பிறகு முதியோர் வார்டில் இருந்தவர்களின் நடையும் சமநிலையும் மேலாக இருந்தன. 2015-ல் 'லான்செட்' வெளியிட்டது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பெருமையும் ஒரு கடமையும் உண்டு. இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்கான எம்.டி. படிப்பு முதன்முதலில் 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் தொடங்கியது. 2024-ல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆனால் மாவட்டங்களில் இடுப்பு முறிந்து வருபவரை எலும்பு மருத்துவரும் முதியோர் மருத்துவரும் முதல் நாளிலிருந்து சேர்ந்து பார்ப்பது இன்னும் வழக்கமாகவில்லை. மாநில மக்களில் ஏழில் ஒருவர் 60 வயதைத் தாண்டும் நிலைக்கு வந்துகொண்டிருக்கும்போது, இதற்குமேல் காத்திருக்க முடியாது. அந்த அமைப்பு வரும் வரை, நல்ல பொது மருத்துவர் ஒருவர் தினமும் வந்து பார்க்கும்படி குடும்பமே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் நடை. மூட்டை மாற்றுவதே உடனே எடை தாங்க வைப்பதற்குத்தான். வேறு தடை இல்லாவிட்டால் மறுநாளே பிசியோதெரபிஸ்ட் உதவியோடு கட்டிலிலிருந்து இறக்கி, வாக்கரைப் பிடித்து நிற்க வைக்க வேண்டும். "பாவம், வலிக்கும், இரண்டு நாள் படுக்கட்டும்" என்ற இரக்கம் இங்கே கெடுதல் செய்கிறது. வயதான தசை படுத்த படுக்கையில் மிக வேகமாகக் கரைந்துபோகும், அதைத் திரும்பக் கொண்டுவர மாதங்கள் பிடிக்கும். கஞ்சி மட்டும் கொடுக்காமல் முட்டை, பருப்பு, மீன், தயிர் என்று புரதம் சேர வேண்டும். நடையில் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்தில் திரும்புகிறது. அதற்குப் பிறகு ஓராண்டு வரை சிறிது சிறிதாக முன்னேற்றம் இருக்கும். வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தரும் வசதி 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம். பலருக்கு இது தெரியவில்லை.

அறுவை வேண்டாம் என்று முடிவெடுப்பது

வயதாகிவிட்டது என்பது மட்டும் அறுவையை மறுக்கக் காரணம் ஆகாது. தொண்ணூறு வயதிலும் செய்கிறார்கள். மறுபடி நடக்க வாய்ப்பு இல்லாதவருக்கும்கூட, முறிவை நிலைப்படுத்தினால் புரட்டவும் துடைத்து விடவும் முடியும், வலி குறையும்.

ஆனாலும் ஏற்கெனவே மறதி நோய் முற்றி, உணவு குறைந்து, படுக்கையோடு கிடந்த ஒருவர் விழுந்தால் என்ன செய்வது? நெதர்லாந்தில் காப்பகங்களில் இருந்த மிகவும் தளர்ந்த முதியவர்கள் 172 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2022-ல் வந்தது. குலுக்கல் முறை இல்லை. மருத்துவரும் குடும்பமும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள். 88 பேர் அறுவை வேண்டாம் என்றார்கள், 84 பேர் செய்துகொண்டார்கள். 30 நாளில் இறந்தவர்கள் முதல் குழுவில் 83 சதவீதம், இரண்டாம் குழுவில் 25 சதவீதம். ஆனால் இருந்த நாட்களின் வாழ்க்கைத் தரம் முதல் குழுவில் குறைந்துவிடவில்லை, கடைசி நாட்கள் நல்லபடியாகக் கழிந்ததாகக் குடும்பத்தினரில் பலர் சொன்னார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, அவர்களுக்கு வலி நிவாரணச் சிகிச்சை முழுமையாகக் கிடைத்தது. அறுவை வேண்டாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வலிக்கு ஒரு பாரசிட்டமாலோடு விட்டுவிடுவது இந்த ஆய்வு சொல்லும் வழியல்ல.

இரண்டாவது முறிவு

நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தது என்றால், அந்த எலும்பில் புரை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஆஸ்டியோபோரோசிஸ் என்கிற அந்த நோய் மாற்றிய மூட்டோடு போய்விடவில்லை. மறு இடுப்பிலும், முதுகெலும்பிலும், மணிக்கட்டிலும் அப்படியே இருக்கிறது.

2007-ல் வெளியான 'ஹொரைசன்' ஆய்வு, இடுப்பு முறிவு அறுவை முடிந்து 90 நாட்களுக்குள் 2,127 பேரை எடுத்துக்கொண்டது. பாதிப் பேருக்கு ஆண்டுக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஸோலெட்ரானிக் ஆசிட் மருந்து, மீதிப் பேருக்கு வெறும் திரவம். இருவருக்கும் வைட்டமின் டி-யும் கால்சியமும். புதிய முறிவுகள் 13.9-லிருந்து 8.6 சதவீதமாகக் குறைந்தன. இறப்பும் 13.3-லிருந்து 9.6 சதவீதமாகக் குறைந்தது. பாதி மூட்டுக்கும் முழு மூட்டுக்கும் இடையே இப்படி ஒரு வித்தியாசம் 'ஹெல்த்' ஆய்வில் தென்படவில்லை. இந்த மருந்தின் விலை மூட்டின் விலையில் சிறு பகுதி. ஆனாலும் இடுப்பு அறுவை முடிந்து போகிறவர்களில் பெரும்பாலோர் கால்சியம் மாத்திரையோடு மட்டுமே வீட்டுக்குப் போகிறார்கள். அறுவை மருத்துவர் தன் வேலை முடிந்தது என்று நினைக்கிறார், குடும்ப மருத்துவர் அது எலும்பு மருத்துவர் வேலை என்று நினைக்கிறார்.

அதனால் முதல் தையல் பிரிக்கப் போகும் நாளிலேயே கேளுங்கள். மருந்து போடுவதற்கு முன் வைட்டமின் டி அளவு சரியாக இருக்க வேண்டும், சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும், பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதை முதலில் முடித்துவிட வேண்டும். போட்டபின் ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், பாரசிட்டமால் போதும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் வேறு மருந்துகள் இருக்கின்றன. அடுத்த ஊசி எந்த மாதம் என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூட்டுக்கான அடுத்த எக்ஸ்ரே தேதி அதில் தவறாமல் இருக்கும். இது பெரும்பாலும் இருக்காது.